பூசை கண்டது

முழிச்சிருக்கிற வரைக்கும்
ரெண்டு மணிக்கொருக்கா சொட்டு விடணும்,
தூசி ஆகாது, புகை ஆகாது, குனியவே கூடாது
என்று நர்ஸ் பிள்ளை சொன்னபோது
இன்றைக்கு என்ன இரா என்று
அவளுக்கு நான் சொல்லவில்லை.
தீயும் தூபமும் முழங்காலும் விழிப்பும்
அவள் விலக்கியதெல்லாம் ஒன்றுகூடுகிற இரா.

ஜங்ஷன் லாட்ஜிலிருந்து ஆட்டோ.
பாலத்தில் ஏறுகையில் பாதி ஆறு தெரிந்தது.
மீதி, கறுப்புக் கண்ணாடிக்குள்
பாலில் விழுந்து கிடந்தது.
"கேரளாவா சார்?"
இல்லை, மன்னார்.
"மன்னார்குடியா?"
நடுவில் கடல் கிடப்பதைச் சொல்லக்
களைப்பாய் இருந்தது.
ஓம் என்றேன்.

பாளையங்கோட்டைக் கோயில் வாசலில்
தோள்பையை இறக்கி ஜிப்பை இழுத்து
விரித்துப் பிடித்தபடி நின்றேன்:
தண்ணீர்ப் போத்தல், சொட்டு மருந்து,
பாஸ்போட், செபமாலை.
பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.
காகிதக் கப்பில் குத்திய மெழுகுதிரியைக்
கொடுத்துக்கொண்டிருந்த பொடியன்
எனக்குரியதை அந்தப் பைக்குள் போட்டான்.
"உள்ள போங்க, எடம் போயிரும்."

ஊரில், அந்த ஞாயிறுக்குப் பிறகு
பையைத் திறக்காமல் உயிர்த்த திருநாளுக்குள்
ஒருவரும் நுழைவதில்லை.
சீருடைக் கை துழாவி முடித்துத்
தலையசைத்த பிறகுதான்
தீர்த்தத் தொட்டியில் விரல் வைப்போம்.
இங்கே யாரும் பார்க்கவில்லை.
பார்க்காத பையை மூடக்
கொஞ்ச நேரம் எடுத்தது.

விளக்கெல்லாம் அணைத்தார்கள்.
இருட்டில் எல்லோருக்கும் என் வலக்கண்.

முற்றத்தில் தீ. புகைக்குப் பயந்து
தூணுக்குப் பின்னால் நான்.
பெரிய திரி நின்று நின்று மூன்று தரம் பாடி வந்தது.
சுடர் கைமாறி எங்கள் வரிசைக்கு வர
ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை.
இரண்டு முறை காற்றைப் பற்றவைக்கப் பார்த்தேன்.
பக்கத்து அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத்
திரியோடு திரியைச் சேர்த்தார்.
அவர் மடியில் ஒரு பாவாடைப் பிள்ளை, தூக்கத்தில்.

வாசகங்கள் நீண்டன.
அதே தமிழ்தான், இழுவை வேறு.
மோசே கையை நீட்ட, கடல் பிளந்தது.
எங்கள் கடல் அப்படியெல்லாம் பிளக்காது.
பேசாலையில் ஏறி
கொழும்புக்குப் போய், மதுரைக்குப் பறந்து
இங்கே வந்து சேர இரண்டு நாள்.

வாசகம் முடிந்த மௌனத்தில்
ஒரு பைக்குள் ஏதோ கத்தியது.

எனக்கு விளங்கு முன்னம்
என் கை அந்தப் பிள்ளையின் தலையை மூடி,
முதுகு வளைந்து, மூச்சு நின்று...
போன்.
என் போன்.
நர்ஸ் பிள்ளை வைத்துத் தந்த அலாரம்.

முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.
பிள்ளை கண்விழித்து
என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது.
"சொட்டு மருந்தா? எங்க வீட்டு ஆளுக்கும்
போன மாசந்தான் எடுத்தாங்க.
இங்கன குடுங்க. குனியாதீங்க,
அண்ணாந்து உக்காருங்க."

அந்த நேரம் பார்த்து மணிகள்.
எல்லா மணிகளும்.
விளக்குகள் ஒரேயடியாய் எரிய
பீடத்தில் திரை விழுந்திருக்க வேண்டும்,
கோயில் முழுக்க ஓவென்று எழுந்தது.
உயிர்த்தவரை நான் பார்க்கவில்லை.
நான் பார்த்தது
கூரையில் மெல்லச் சுற்றும் ஒரு மின்விசிறி,
இமையைத் தூக்கிய ஒரு பெருவிரல்,
அதில் ஒட்டிய மெழுகு,
பிறகு குளிர்ந்த ஒரு துளி.
எல்லாம் கரைந்து ஓடியது.

விடிய மதலேனா போன் எடுத்தாள்.
பூசை கண்டனீங்களோ?
கண்டேன்.
சனமோ?
சரியான சனம்.
பையைப் பார்த்தவங்களோ?
இல்லை.

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் கதைக்கவில்லை.
அவளுக்குப் பின்னால் எங்கள் கோயில் மணி,
வாசலில் யாரோ
வரிசையாய் வாங்கோ, வரிசையாய் வாங்கோ என்று
கத்துவதும் கேட்டது.

சரி, வைக்கிறன், என் முறை வருது என்றாள்.
ஜிப் திறக்கும் சத்தம்.