பதினொன்றா, ஒன்றா

நாற்பது நாற்காலி போட்டேன்.
வந்தவர்கள் ஒன்பது பேர்,
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

போர்த்கெரன் நகர மன்றம்,
மது மற்றும் கேளிக்கை உரிமக் கொள்கை,
வரைவு நான்கு,
பொதுமக்கள் கருத்துக் கேட்பு.
படகுச் சங்கத்தின் மாடியில்
ஹீட்டர் ஒரு மூலையை மட்டும்
விடாமல் சுட்டுக்கொண்டிருந்தது.

என் வேலை குறிப்பெடுப்பது.
சொன்னதை எழுதலாம்.
சொன்ன குரலை எழுதக் கூடாது.

முதலில், வழக்கப்படி,
உறுப்பினர்கள் தங்கள் சொந்த நலன்களை அறிவித்தார்கள்.
திருமதி ட்ரெவாஸ்கிஸின் மைத்துனர் சைடர் காய்ச்சுகிறார்.
பதிவு செய்தேன்.
திரு பாஸ்கோ இருபது வருடமாக
'நங்கூரம்' விடுதியின் டார்ட்ஸ் அணித் தலைவர்.
பதிவு செய்தேன்.
குறிப்பெடுப்பவனை யாரும் கேட்பதில்லை.

கேள்வி எளியதுதான்:
துறைமுகத் தெருவில் கடைசிக் கோப்பை
இரவு பதினொன்றுக்கா, ஒன்றுக்கா?

விடுதிக்காரர் நான்கிவெல் எழுந்தார்.
கோடையில் ஆறு வாரம், என்றார்,
அந்த ஆறு வாரம்தான்
மீதி நாற்பத்தாறுக்கும் கஞ்சி ஊற்றுகிறது;
அதிலும் கை வைத்தால் எப்படி?

மாடி வீட்டு நர்ஸ் லொவீனா,
விடிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவள், சொன்னாள்:
டிரம் அடிக்கிற பையன் மோசமாக அடித்தால்
திட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன்.
நன்றாக அடிக்கிறான், அதுதான் தொல்லை.
போர்வைக்குள் கால் தாளம் போடுகிறது.
(சிரிப்பு. குறிப்பில் சிரிப்புக்கு இடமில்லை.)

இரண்டு பேர் அக்கார்டியன் வாசித்தால் கேளிக்கை.
சரி, ஒருத்தி தானாகப் பாடினால்?
சாவு வீட்டிலிருந்து வந்து
நாலு பேர் மெல்ல முனகினால்?
உரிம அதிகாரி பின்னிணைப்பு ஈ-யைப் பார்க்கச் சொன்னார்.
எங்கள் பிரதியில் இ-யோடு தாள் முடிந்துவிட்டது.

பிறகு,
மழைக்கு ஒதுங்கியவர் கையை உயர்த்தினார்.
ஹெட்ரெக், தெரு பெருக்குகிறவர்.
கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க பதினொண்ணுன்னு வைங்க, ஒண்ணுன்னு வைங்க.
எனக்கு அஞ்சு மணி.
ஒண்ணுக்கு மூடினப்போ
கண்ணாடிச் சில்லு விடுதி வாசல்ல கிடக்கும்.
பதினொண்ணுக்கு மாத்தினீங்க,
பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் படகுத்துறைப் படிக்குப் போயிட்டாங்க.
வாசலைப் பெருக்குறது லேசு.
படிக்குக் கீழே கடல் இருக்கு."

கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒரு பிப்ரவரியில
சில்லோட ஒத்தை ஷூவும் கிடந்துச்சு.
ஆள் இல்லை.
விடியறவரைக்கும் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னேன்."

உட்கார்ந்துவிட்டார்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஹீட்டர் க்ளிக் என்று அணைந்து
மறுபடி பற்றிக்கொண்டது.

அந்தப் படிகளில்
ஒன்பதாவதிலிருந்து பாசி.
பத்தாவதில் கால் நிற்காது.
பதினொன்றாவது எப்படியிருக்கும் என்று
முழங்கால்தான் சொல்ல வேண்டும்.

எழுதினேன்:
'ஒருவர் துப்புரவு நேரம் குறித்துக் கருத்துத் தெரிவித்தார்.'
அடித்தேன்.
'படகுத்துறைப் படிகளின் பாதுகாப்பு குறித்து' என்று எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றது.

முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
வரைவு ஐந்து வரும்.
நான்கிவெல் கதவைப் பிடித்துக்கொள்ள
லொவீனா குடையை விரித்தாள்;
அவர்கள் வெளியிலும் அதையே பேசிக்கொண்டு போனார்கள்,
இப்போது ஒருவரையொருவர் பெயர் சொல்லி.

நாற்காலிகளை அடுக்கினேன்.
கேட்காமலே எதிர்ப்பக்கத்து வரிசையிலிருந்து
அவரும் அடுக்கிக்கொண்டு வந்தார்.
கடைசி நாற்காலியில் இருவர் கையும் இருந்தது.

மூன்று வருடம், என்றேன்,
அன்றிலிருந்து ஒரு சொட்டும் இல்லை.

அவர் என் காலைப் பார்த்தார்.
"இன்னும் வண்டியிலதான் கிடக்கு.
தூக்கிப்போட மனசு வரலை.
எட்டா, ஒன்பதா?"

எட்டரை, என்றேன்.