வலக்கை

மூன்று நிமிடம்.
பதினோராம் எண் டிராமில்
ஒரு சிவப்பு விளக்கும்
குழந்தைவண்டியோடு ஏறும் ஒரு தாயும்
தின்றுவிடும் நேரம் அது.
ரீகாவில் இன்று மைனஸ் பதினான்கு.
ரயில்வே மன்றத்தில் வெப்பக்குழாய் முனகுகிறது.
சீருடையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டேன்.

எதிரில் ஏகில்ஸ், பல் மருத்துவர்.
ஒவ்வொரு காயையும் கட்டத்தின் நட்டநடுவில் நிறுத்திய பிறகுதான்
கை குலுக்குவார்.

அவர் சிப்பாய். என் சிப்பாய்.
அவர் குதிரை, எதிர்பார்த்தபடி.
பிறகு நான்
ராஜாவின் வாசலுக்குத் தாழ்ப்பாளாக நின்ற சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளிவிட்டேன்.

எங்கள் நாட்டின் பெயரைச் சுமக்கும் தொடக்கம்.
எங்கள் நாட்டிலேயே யாரும் ஆடுவதில்லை.
கணினியைக் கேட்டால்
இரண்டாம் நகர்விலேயே எனக்கு இரங்கற்பா வாசிக்கும்.
இதற்கு மருந்து உண்டென்று ஏகில்ஸுக்குத் தெரியும்.
எந்தப் பக்கத்தில் படித்தார் என்பதுதான் நினைவில்லை.
நெற்றியைத் தடவினார்.
நாற்பத்தோரு விநாடி.
ஒரு சிப்பாய்க்கு நான் கேட்ட விலை அவ்வளவே.

அதன்பின் யோசனை இல்லை, விரல்கள்தான்.
டக். டக்.
யானை திறந்த பாதையில் ஓடியது, டக்,
ராணிக்கு ராணி வெட்டு, டக்.

இடக்கையால் ஆடுபவள் நான்.
சும்மாயிருக்கும் வலக்கை எதையாவது இறுக்கிக்கொள்ளும்,
பிரேக்கைப் பிடித்துப் பழகிய கை.

தோற்றுக்கொண்டிருந்தேன்.
அவருடைய ஓரத்துச் சிப்பாயைத் தடுக்க
என்னிடம் ஒரு காயும் மிச்சமில்லை.
அவருக்கு ஐந்து விநாடி. எனக்கு ஏழு.
சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது.
ராணி வேண்டும்.
மேசையோரத்தில் படுத்திருந்தது என் கறுப்பு ராணி.
பெட்டியைத் துழாவினார்.
நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.
கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்கலாம்,
விதியில் இடமுண்டு.
விதி நினைவுக்கு வரவும் விநாடி வேண்டுமே.

பூஜ்யம்.

நடுவர் வெல்தா என் பெயருக்கு நேரே ஒன்று என்று எழுதினாள்.
ஏகில்ஸ் கையை நீட்டினார்.
குலுக்க வேண்டுமானால் முதலில் என் கையைத் திறக்க வேண்டும்.

வெள்ளை ராணி. வியர்த்திருந்தாள்.

எப்போதிருந்து என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
தெரியாது என்றிருப்பேன். அது உண்மையா
என்பதும் தெரியாது.

வாங்கினார். கைக்குட்டையால் துடைத்தார்.
அடுத்த ஆட்டத்தில் வெள்ளை எனக்கு.
பலகையைத் திருப்பி
என் பக்கத்தில், அவளுடைய கட்டத்தில்,
நட்டநடுவில் நிறுத்தினார்.