குறுக்கே எடுத்த சோறு

ராஹே. விடியற்காலை நாலு மணி.
உறைந்த கடல் உருட்டாலைச் சுவர்வரை வந்து படுத்திருக்கிறது.
உள்ளே, பன்னிரண்டாம் முறையாக
உருளைகளுக்கிடையே போய்த் திரும்புகிறது பாளம்.
போகப் போக மெலிகிறது, நீள்கிறது.
அதன் மணிகளெல்லாம் ஓடும் திசையில் சாய்கின்றன,
காற்றடித்த பக்கம் கோரை சாய்வதுபோல.
கூடவே இழுபடுகிறது கந்தக அழுக்கும்
கண்ணுக்குத் தெரியாமல், நார் நாராக.

தொள்ளாயிரம் பாகைச் சூட்டோடு
தண்ணீர்த் தாரைகளுக்குள் நுழையும்போது
ஓர் அலறல். அவ்வளவுதான்.
வெளியே வருவது வேறொரு பொருள்:
விறைத்தது, எவருக்கும் வளையாதது,
ஓங்கி ஒரு அடி விழுந்தால் தெறித்துவிடக் கூடியது.
திரும்ப அதை உலையில் ஏற்றி
அறுநூறில் வைத்து
முறைப்பைத் தணிப்பது ஒன்னியின் வேலை.
நேற்றிரவு அவன் உலையில்
ஒரு வெப்பமானி பொய் சொல்லியிருக்கிறது.

எனக்குச் சோதனைக்கூடம்.
விரல் நீளத் துண்டு, நடுவில் ஒரு வெட்டு,
உறைநிலைக்குக் கீழே நாற்பதில் சாராயக் குளியல்.
இடுக்கியால் எடுத்துவைக்க ஐந்து நொடி.
ஊசல் விழும்.

நீளவாட்டில் அறுத்த மூன்றும் நாற்பது ஜூலைத் தாண்டின.
குறுக்குவாட்டில் அறுத்தவை
பத்தொன்பது,
இருபத்திரண்டு,
பதினெட்டு.
வேண்டியது இருபத்தேழு.
உடைந்த முகத்தில் கல்லுப்பின் மினுமினுப்பு.

யார்மோ வந்தான், தொப்பியில் பனியோடு.
"நீளவாட்டு எண்ணையே போடேன், ஹெல்லெவி.
வியாழக்கிழமை கப்பல்."

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம், சரி.
சோற்றுக்குத் திசை கிடையாது.
இந்தத் தகட்டுக்கு உண்டு.
சுரங்கத்துப் பாரந்தூக்கி ஒன்றின் கையாகப் போகிறது இது.
பாரம் குறுக்கேதான் இழுக்கும்,
அதுவும் ஜனவரியில்,
கீழே யாரோ தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருக்கையில்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
உடைந்த பாதியை அவன் கையில் வைத்தேன்.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் விளக்கடியில் திருப்பிக்கொண்டு நின்றான்.
பிறகு ஒன்னியைக் கூப்பிட்டு
வெப்பமானியை மாற்றச் சொன்னான்.

மறுநாள் இரவு, மறுபடி உலையேறி வந்த தகட்டில்
குறுக்கே முப்பத்தெட்டு, முப்பத்தாறு, நாற்பத்தொன்று.
ஒரு துண்டு முழுதாக அறாமல்
சாம்பல் நிற நாரில் தொங்கிக்கொண்டிருந்தது.
வலிமையில் சற்று இறக்கம்,
வரம்புக்கு மேலே இன்னும் மயிரிழை மிச்சம்.

கப்பல் சனிக்கிழமைதான் போயிற்று.
தாமதக் கட்டணச் சீட்டு பறந்துவிடாமலிருக்க
அதன்மேல் யார்மோ வைத்திருக்கிறான்
மினுமினுக்கும் அந்தப் பாதியை.