மூன்று விலைப்புள்ளிகள்

பதினேழாம் பக்கம் கேட்கிறது:
இந்தக் கருவி ஏற்கெனவே எங்கேனும் உண்டா?
உண்டென்றால் இது புதுமை இல்லை.
இல்லையென்றால்
மூன்று கடைகளின் விலைப்புள்ளி இணைக்கவும்.

நொக்வாண்டா சிரித்த சிரிப்பில்
சாலிடர் கம்பி கையிலிருந்து நழுவியது.
சாட்ஸ்வொர்த்தில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகைதான்
எங்கள் ஆய்வுக்கூடம்.
காரை விற்றாயிற்று.
அந்தப் பணம் போன வருஷத்து மின்பலகைகளில் கருகிப்போனது.

நாங்கள் செய்வது ஒரு காது.
இரவு இரண்டு மணிக்கு, லாரிகள் ஓய்ந்தபின்,
தார்ச்சாலைக்கடியில் குழாய் கசிந்தால்
அந்த ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் காது.
கசிவு எப்படிப் பேசும்?
கடுகு வெடித்து முடிந்த பிறகு
எண்ணெய் தனக்குள் முனகுமே, அப்படி.
படிவத்தில் அப்படி எழுத முடியாது.
அறுநூறு முதல் தொள்ளாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதினேன்.

பிரிட்டோரியாவிலிருந்து வந்த நிதி அலுவலர் மொதிபா
நல்ல மனிதர். கொட்டகை வாசலில்
ஷூவைக் கழற்றவா என்று கேட்டார்.
சிறுதொழிலுக்கான ஆய்வு மானியம், மிஸ் படையாச்சி,
மூன்று தவணை.
வாடகைக்கு ஆகாது. மின்கட்டணத்துக்கு ஆகாது.
உங்கள் சம்பளம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.
"பூஜ்யம் போட்டுப் பழக்கம்தான்" என்றாள் நொக்வாண்டா.

இரண்டாம் தவணைக்கு முன் சோதனை:
பத்து இடத்தில் ஐந்தாவது சரியாக வேண்டும்.

காது காட்டிய பத்து இடத்தையும்
மாநகராட்சி ஆட்கள் தோண்டினார்கள்.
நான்கில் கசிவு.
ஐந்தில் காய்ந்த மண்.
பத்தாவது குழியில்
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குழாய்,
சைக்கிள் ட்யூபால் கட்டிய ஒட்டு,
அதில் மெல்லிய முனகல்.
சரிவில் இறங்கி, தகர வீடுகளுக்கிடையே
ஒரே ஒரு பைப்படியில் போய் முடிந்தது.
அங்கே ஒரு பெண்
குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

கடப்பாரையோடு சிபுசிசோ எங்களைப் பார்த்தான்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
நொக்வாண்டா பையிலிருந்து ரப்பர் எடுத்துக் கொடுத்தாள்.
அவன் ஒட்டை இறுக்கிவிட்டு
மண்ணைத் தள்ளினான்.

அன்றிரவு மின்வெட்டு.
மடிக்கணினியில் மிச்சம் பதினொன்று சதவீதம்.
சரியானவை: நான்கு.
தவறானவை: ஆறு.
கடைசிக் கட்டம் கேட்டது:
ஆய்வில் எதிர்பாராமல் கண்டறிந்தது ஏதேனும்?

யாரோ இருட்டில் இழுத்ததைப் போல
நானும் ஒரு கோடு இழுத்து
அனுப்பிவிட்டேன்.