இருபத்து நான்கு மணி நேரம்

ரெண்டு வருஷம் ஒயிட் சிமெண்டை நம்பியிருந்தேன்.
மூலையில் பூசுவேன். தீபாவளிக்குள் விரிசல் விடும்.
பொங்கலுக்கு மறுபடி பூசுவேன்.
கீழ்வீட்டு பெர்னதெத்
தன் குளியலறைக் கூரையைப் போட்டோ எடுத்து
தேதி போட்டு அனுப்புவாள்.
பார்த்துவிட்டதற்கு அடையாளமாக
நீலக் குறி மட்டும் போகும் என்னிடமிருந்து.

டில்லிபாபு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
குந்தி உட்கார்ந்து
ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கீறு கீறினார்.
நனைந்த பிஸ்கெட்டாய் உதிர்ந்தது மூலை.
"யாருக்கா இங்க இதப் போட்டது?"
நான்தான் என்று சொல்லவில்லை.

"டைலுக்கும் டைலுக்கும் நடுவுல கிரவுட்டு, சரி.
ரெண்டும் ஒரே மட்டத்துல படுத்துருக்கு.
செவுரு வேற, தரை வேற.
அது ஒரு பக்கம் போவும், இது ஒரு பக்கம் போவும்.
நடுவுல கெட்டியா எதப் போட்டாலும் தெறிச்சிரும்.
இழுத்தா கூட வரணும், அந்த மாதிரி ஒண்ணு..."
போன் அடித்தது.
சிலிண்டர் வந்ததா என்று யாரிடமோ கேட்கப் போய்விட்டார்.

முதல் நாள் கிரவுட்.
சைடன்ஹாம்ஸ் ரோட்டுக் கடையில் நீட்டிய அட்டையில்
ஏழு வெள்ளைகள்.
இதில் எது வெள்ளை என்றேன், கடைக்காரர் சிரித்தார்.
ஐவரி வாங்கினேன். அழுக்கு தெரியாதாம்.

போர் தண்ணீர் வேண்டாம், உப்பு பூக்கும் என்று
கேன் தண்ணீரில் குழைத்தார், பற்பசைப் பதம்.
நாம் குடிக்கிற தண்ணீரையே குடித்தது என் தரை.
ரப்பர் பலகையைக் குறுக்காகச் சாய்த்து
அழுத்தி இழுக்க இழுக்க
இடுக்குகள் வாய் மூடிக்கொண்டன.
பிறகு ஸ்பாஞ்ச். பிழிந்து, துடைத்து, பிழிந்து.
டைல் மேல் படிந்த வெளுப்பு
மூன்றாவது துடைப்பில்தான் போனது.
மூலைகளை மட்டும் காலியாக விட்டுவைத்தார்.
அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வீட்டைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம்,
இத்தனை நாள் நான் இல்லை என்று சாதித்தது.

மறுநாள் சிலிக்கான்.
இரண்டு பக்கமும் டேப் ஒட்டி
துப்பாக்கியை அழுத்த,
தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டி வாசம்,
வினிகரேதான்.
சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து
ஒரே இழுப்பு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.
மை தீட்டும்போது நான் வாயைத் திறப்பேன்.
அவரும் திறந்திருந்தார்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும்
ஒரு சொட்டு படக் கூடாது."

மே மாதம். பெரம்பூர். ஒரே குளியலறை.
காலை ஏழு மணிக்கு
பக்கெட், துண்டு, சோப்பு டப்பாவோடு
பதினெட்டுப் படி இறங்கினேன்.
கதவைத் திறந்து பக்கெட்டைப் பார்த்தார் அக்கா.
"நின்னுடுச்சா?"
"நாளைக்குத்தான் தெரியும்."
எதுவும் சொல்லாமல் உள்ளே போய் லைட்டைப் போட்டார்.

போட்டோவில் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.
என் தரையின் அடிவயிறு
பழுப்பு வளையங்களாய் ஊறிக் கிடந்தது.
சாந்து விழுந்த இடத்தில் துருக் கம்பி.
கீழே ஒரு பெயின்ட் டப்பா, அதில் பாதி தண்ணீர்.
கம்மோடுக்குப் பக்கத்தில்
ஆணியில் ஒரு குடை.

மழைக்கு வைத்ததல்ல.
புரிய எனக்கு ஒரு மக் தண்ணீர் ஆனது.

அப்போது தரைக்கடியில் எங்கோ
மெட்ரோ சுரங்கம் குடைகிற அதிர்வு.
பக்கெட் தண்ணீரில் வட்டங்கள்.
சுவர் ஒரு பக்கம் போயிருக்கும், தரை ஒரு பக்கம்.
மேலே, ஈரம் காயாத அந்தக் கோடு
என்ன செய்ததோ.

சத்தம் வராமல் குளித்தேன்.
தலை துவட்டி வெளியே வந்தபோது
காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்,
"அப்போ குடைய எடுத்துடலாமா?"

நாளை வரைக்கும் இருக்கட்டும் அக்கா என்றேன்.