இரண்டு சாண்

மூன்றரை மணிக்கு ஜூ சியாட்டில்
அந்தக் கடைவீட்டின் மாடிக்கு மேல் மாடி
அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல்.
அதன்மேல் குனிந்து நடந்தேன்.

சரிந்து வரும் ஒரு பரப்பு.
சுவர் போலத் தரையிலிருந்து கிளம்பி
பாதியில் மனம் மாறி
உள்ளே சாய்ந்துவிட்ட ஒன்று.
வரைபடத்தில் லிம் வீ கியாங்
'சுவர்' என்று எழுதியிருக்கிறார்.
அழகான கையெழுத்து.

சுவருக்கு ஒரு கணக்கு, கூரைக்கு ஒரு கணக்கு.
வெயில் யாரை நேராகப் பார்க்கிறதோ
அவருக்குத் தடித்த சட்டை.
விதிப்புத்தகத்தை நான் இப்படித்தான்
ஞாபகம் வைத்திருக்கிறேன்.
எந்தச் சாய்வில் சுவர் கூரையாகிறது என்பதற்கு
ஓர் எண் உண்டு.

ரசமட்டத்தை வைத்தேன்.
ஒரு டிகிரி குறைந்தது.
இன்னொரு முறை. வியர்வை திரையில் சொட்டியது.
துடைத்துப் பார்த்தால்
அதே ஒரு டிகிரி.

"ஒரு டிகிரிதானே லா," என்றார் கோ.
"அதற்காக இவ்வளவு தடிமனில் கம்பளியா?
தலை இடிக்கும், இடம் போகும், காசு போகும்.
கொஞ்சம் இடப்பக்கம் வையுங்கள்,
அங்கே பூச்சு உப்பியிருக்கிறது."

வைத்தேன். உண்மைதான்.
அங்கே அது சுவர்.

பொய் சொல்லவேண்டியதில்லை.
கையை இரண்டு சாண் நகர்த்தினால் போதும்.

"தவிர, இது சாமான் அறை," என்றார்.
"பெட்டிக்கு வேர்க்குமா?"

கம்பளிச் சுருளை அணைத்தபடி நின்ற தவசிமுத்து
கழுத்தைச் சொறிந்துகொண்டே
தரையிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"நேத்து அந்தம்மா வந்து டேப்பு புடிச்சாங்க.
ஆறடிக் கட்டில் நுழையாதாம்.
வேலைக்கு வர்ற பொண்ணு குள்ளமாம்,
அஞ்சடி போதுமாம்."

கோவுக்குத் தமிழ் தெரியாது.
"என்ன சொல்கிறான்?"
"வெக்கையாக இருக்கிறதாம்."

எந்த ஊரிலிருந்து வருகிறாளோ,
விமானச்சீட்டு எடுத்தாயிற்றோ என்னவோ.
இரவு பதினொரு மணிக்கும்
ஓடு பகலைக் கக்கிக்கொண்டிருக்கும்போது
எந்தப் பக்கம் தலை வைப்பாள்?

ரசமட்டத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தி
எண் தெரியும்படி படம் எடுத்தேன்.
படிவத்தில் சின்னக் கட்டம்.
கூரை என்று எழுதினேன்.

கோ பேசாமல் இறங்கிப்போனார்.
தவசிமுத்து சுருளைக் கீழே வைத்து
எவ்வளவு தடிமன் என்று மட்டும் கேட்டான்.

காப்பிக் கடையில் தே ஓ கோசோங்.
பாதி குடித்தபிறகுதான் உறைத்தது:
அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
அது என் படிவத்தில் இல்லை, வேறு பிரிவு,
நம்பர் என்னிடம் இருக்கிறது.

அழைத்தேன்.
ஐஸ் முழுக்கக் கரைந்தது.
எடுக்கவில்லை.