பா அல்லது வா

கடைசி நோயாளி போனதும்
பஞ்சு ஒட்டிய கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்கிறேன்.
ஃப்ரேசர் டவுனில் இத்தனை அமைதி
வாடகைக்குக்கூடக் கிடைக்காது.
எனக்கு ஆறரைக்கு மேல் இலவசம்.

ஹெட்ஃபோன் கிளினிக்கினுடையது.
வலது சிவப்பு, இடது நீலம்.
பாட்டைத் தந்துவிட்டுப் போனவன் ரெஜிஸ்,
டிரம்ஸ் வாசிப்பவன்,
காதுக்குள் ஒரு கொசு நிற்காமல் பாடுகிறது என்று வந்தவன்.
பரிசோதனைத் தாளில் அவன் கோடு
நேராக நடந்துவந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில் குழியில் விழுந்து
தட்டுத்தடுமாறி ஏறுகிறது.
"இன்னும் முடிக்கலை மேடம், யாருக்கும் அனுப்பிடாதீங்க."

யாருக்கு அனுப்ப?

முதலில் டேப் இரைச்சல். வேண்டுமென்றே விட்டுவைத்தது.
பிறகு கிதார்.
என் அப்பா பிறப்பதற்கு முந்தைய கிதார் அது,
ஒவ்வொரு சுரமும்
நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறவள் மாதிரி
தளும்பித் தளும்பி வருகிறது.
அதன் அடியில் பேஸ்:
பழைய படத்தில் வில்லனின் கிளப்புக்குள்
ஒட்டுத்தாடியோடு கதாநாயகன் நுழைவானே,
அந்த நடை.
சிரித்துவிட்டேன், பெட்டிக்குள் தனியாக.

சிரிப்பு முடிவதற்குள் தரையைக் காணோம்.
பூசை முடிந்து சனம் பிரியாணிக்குப் போன பிறகும்
தேவாலயத்தைவிட்டுப் போக மனமில்லாத ஆர்கன் ஒன்று
சுவரில்லாத இடத்தில் சுவரெழுப்புகிறது.
சிம்பல்கள் உடையவில்லை.
யாரோ அடுத்த வீட்டில் மாவு சலிக்கிறார்கள்.

அப்புறம் அவள் குரல்.
ஒரே சொல், ஒன்பது முறை.
பா என்கிறாளா, வா என்கிறாளா?

இது என் வேலை.
வாயை மறைத்துக்கொண்டு
படம் என்பேன், வடம் என்பேன், குடம் என்பேன்;
கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.
செவி தேயும்போது மெய்யெழுத்துதான் முதலில் போகும்.
உயிர் கடைசிவரை கிடக்கும்.
ஊரில் எல்லாருக்கும் நடப்பதன் தலைகீழ்.

கன்னடமென்றால் பா, தமிழென்றால் வா.
இந்த ஊரில் அந்த ஓரெழுத்துக்காகப்
பேருந்துக் கண்ணாடி உடைந்த நாட்கள் உண்டு.
இவளோ எதிரொலிக்குள் உதட்டைக் கரைத்துவிட்டு
வெறும் ஆ-வைக் கொண்டு அழைக்கிறாள்.
எழுந்து போகலாம் போலிருக்கிறது.
மதிப்பெண் போடும் பென்சில் கையில் சும்மா இருக்கிறது.

நாலாம் முறை கேட்கையில் ஒன்று தோன்றியது:
இந்தப் பனிமூட்டம் அழகுக்காக வைத்தது இல்லையோ?
ரெஜிஸுக்கு உலகமே இப்படித்தான் கேட்கிறதோ?
கூர்மையெல்லாம் அந்தக் குழியில் போட்டுவிட்டு
மிச்சத்தைப் பாட்டாக்கிவிட்டானோ?
தொழில் புத்தி. எதைக் கேட்டாலும் நோய் தேடும்.
ஆர்கன் வாசித்தவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

கதவைத் திறந்தேன்.
மாஸ்க் ரோட்டின் ஆட்டோ ஹாரன்கள்
ஒவ்வொன்றும் ஊசி, தெளிவான ஊசி.

"ஒத்திகையில் காதடைப்பான் போடு" என்று
கிளினிக் எண்ணிலிருந்து அனுப்பினேன்.
பிறகு என் எண்ணிலிருந்து,
"சிம்பலைக் கூட்டாதே."